கறுப்பு ஹோஸ் ஏன் பாம்பாகத் தெரிகிறது

புரட்டாசி மாதம், சம்பா நடவு முடிந்த கையோடு, மன்னார்குடிப் பக்கம் ஒரு விவசாயி இரவு ஒன்பது மணிக்கு மோட்டார் கொட்டகைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் டார்ச் எடுக்கவில்லை. வாசலில் சுருட்டி வைத்த ஹோஸுக்குப் பக்கத்தில் கால் வைத்ததும் சுருக்கென்று ஒரு வலி. கண்ணாடிவிரியன். உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் விஷமுறிவு மருந்து ஏற்றியதால் பிழைத்துக்கொள்கிறார். தை அறுவடைக்குள் வீக்கம் வடிந்து, கணுக்காலில் தழும்பு மட்டும் மிஞ்சுகிறது. ஆனால் பட்டப்பகலில், பக்கத்து வீட்டு வாசலில் கிடக்கும் கறுப்பு ஹோஸ் கடைக்கண்ணில் பட்டால் போதும், உடம்பு தானாகத் துள்ளிப் பின்வாங்குகிறது. அது ஹோஸ் என்று தெரிவதற்குள் நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடுகிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இதைத்தான். இதைக் கோழைத்தனம் என்று வீட்டில் இருப்பவர்கள் கேலி செய்வதுண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். மூளை தன் வேலையைச் சரியாகச் செய்ததன் விளைவு இது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று புரிந்தால், இந்தப் பயத்தை எப்படித் தணிப்பது, எந்த முயற்சி வீணாகும் என்பதும் புரியும்.

இரண்டு நெற்றிப்பொட்டுக்கும் உட்புறம், மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாகப் பாதாம் பருப்பு வடிவில் ஒரு பகுதி இருக்கிறது. அமிக்டலா என்று பெயர். கிரேக்க மொழியில் பாதாம் என்றே பொருள். ஆபத்தை மோப்பம் பிடிப்பதும், அதற்கு உடம்பைத் தயார்செய்வதும் இதன் முக்கிய வேலை. கண்ணும் காதும் அனுப்பும் செய்தி முதலில் தலாமஸ் என்னும் சந்திப்புக்கு வருகிறது. அங்கிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று, மூளையின் மேற்புறணிக்குப் போய், ‘இது என்ன, வளைந்திருக்கிறதே, தலை இருக்கிறதா’ என்று நிதானமாக ஆராய்ந்த பிறகு அமிக்டலாவுக்கு வருவது. இன்னொன்று, வரப்பில் குறுக்கே நடப்பதுபோல நேராக அமிக்டலாவுக்கே போவது. குறுக்கு வழியில் போகும் செய்தி கலங்கலானது: ‘கறுப்பு, நீளம், தரையில்’. அவ்வளவுதான். ஆனால் அது முந்திக்கொள்கிறது. எலிகளிடம் இந்தக் குறுக்கு வழியை விரிவாக ஆராய்ந்து காட்டியவர் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் லெடூ. அதனால்தான் துள்ளுவது முதலில், ‘அட, ஹோஸ்தானே’ என்பது பிறகு.

சரி, ஹோஸுக்கு அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? கடித்தது ஹோஸ் இல்லையே.

கடிபட்ட நொடியை நெருங்கிப் பார்ப்போம். காலில் இருந்து வலிச் செய்தி அமிக்டலாவுக்குப் பாய்கிறது. அந்த வலிக்குப் பாடம் தேவையில்லை, பிறவியிலேயே அது அமிக்டலாவை எழுப்பும். அதே கணத்தில் வேறு பல செய்திகளும் அங்கே வந்துகொண்டிருக்கின்றன: இருட்டு, ஈரமண் வாசனை, மோட்டாரின் இரைச்சல், கால் அருகே ஒரு கறுப்பு வளையம். இவை வழக்கமாக வலுவில்லாத செய்திகள், வந்து தட்டிவிட்டுப் போய்விடும். ஆனால் வலுவான வலியும் வலுவில்லாத கறுப்பு வளையமும் ஒரே நேரத்தில் ஒரே நரம்பணுவைத் தட்டினால் ஒரு விசேஷம் நடக்கிறது. அந்த நரம்பிணைப்பில் என்எம்டிஏ ஏற்பி என்று ஒரு கதவு உண்டு. இரண்டு தட்டல்களும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். திறந்தால் கால்சியம் உள்ளே போகும். கால்சியம் போனதும் அந்த இணைப்பில் கூடுதல் ஏற்பிகள் வந்து அமர்கின்றன. அடுத்த சில மணி நேரத்தில் புதிய புரதங்கள் உருவாகி அந்த மாற்றத்தை நிலைப்படுத்துகின்றன. இனி கறுப்பு வளையம் தனியாக வந்து தட்டினாலே அமிக்டலா விழித்துக்கொள்ளும். மணியோசையையும் தீனியையும் ஒன்றாகக் கொடுத்துப் பழக்கிய நாய்க்கு மணியோசையிலேயே எச்சில் ஊறும் என்று ரஷ்ய ஆய்வாளர் பாவ்லவ் காட்டினாரே, அதே கணக்கு. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. எச்சில் ஊற நாய்க்குப் பல தடவை பழக்க வேண்டும். உயிர்ப்பயத்துக்கு ஒரு தடவை போதும்.

அட்ரினலின் இதில் எண்ணெய் ஊற்றுகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் சுரப்பி அதை இரத்தத்தில் விடுகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, கை வேர்க்கிறது. கூடவே, ‘இதை அழுத்தமாக எழுதி வை’ என்ற உத்தரவும் மூளைக்குப் போகிறது. போன வாரம் சாப்பிட்டது மறந்துபோகும், கடிபட்ட இரவு கட்டியிருந்த கைலியின் நிறம்கூட மறக்காது என்பது இதனால்தான்.

பயத்தின் நினைவு ஒரே இடத்தில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கே, எப்போது, யார் கூட இருந்தார்கள் என்ற கதைப் பகுதியை ஹிப்போகாம்பஸ் வைத்துக்கொள்கிறது. பார்க்கக் கடற்குதிரைபோல் இருப்பதால் அந்தப் பெயர். உடம்பு துள்ளும் பகுதியை அமிக்டலா வைத்துக்கொள்கிறது. இரண்டும் தனித்தனி என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1911இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் எட்வார் கிளபரேட் எழுதியது. புதிய நினைவு எதுவும் தங்காத ஒரு பெண் அவரிடம் சிகிச்சையில் இருந்தார். ஒருநாள் கிளபரேட் தன் விரல்களுக்கிடையே குண்டூசியை மறைத்துக்கொண்டு அவருக்குக் கைகொடுத்தார். பிறகு பார்த்தபோது குத்திய நினைவே அந்தப் பெண்ணுக்கு இல்லை. ஆனாலும் கையை நீட்ட மறுத்துவிட்டார், ஏன் என்று சரியாகச் சொல்லவும் தெரியவில்லை. கதை போய்விட்டது, பயம் தங்கிவிட்டது. ‘அது வெறும் ஹோஸ்னு எனக்கே தெரியுதுங்க, ஆனா உடம்பு கேக்க மாட்டேங்குது’ என்று ஒருவர் சொன்னால் அவர் சாக்குச் சொல்லவில்லை. அறிவுரை போய்ச் சேரும் இடம் வேறு, பயம் இருக்கும் இடம் வேறு.

இந்தப் பயம் தானாக ஏன் கரைவதில்லை? சூடுகண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. போகாததால், அடுப்பு இப்போது அணைந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியவே வாய்ப்பில்லை. நம் விவசாயி கொட்டகைக்குப் பாதி வழி போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதி இனிப்புக் கொடுத்ததுபோல வேலை செய்கிறது: ‘திரும்பியதால்தான் தப்பித்தேன்’ என்று மூளை படித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் திரும்பச் சொல்லும். முதலில் கொட்டகை, பிறகு அந்த வரப்பு, பிறகு இருட்டினால் கொல்லைப்புறம் என்று வட்டம் விரிந்துகொண்டே போகும்.

தவிர்ப்பதற்கு மாறுவேடங்களும் உண்டு. மகனைக் கூட்டிக்கொண்டு போவது, வழி முழுக்க போனில் பேசிக்கொண்டே போவது, படுக்கையை ஏழு தடவை உதறுவது. இவையெல்லாம் பயத்துக்கு ஊன்றுகோல்கள். போய் வந்தது உண்மைதான், ஆனால் ‘போனில் பேசியதால் ஒன்றும் ஆகவில்லை’ என்றுதான் மூளை கணக்கு எழுதும். தாயத்தையும் மந்திரித்த கயிற்றையும் பற்றிப் பலர் கேட்பார்கள். நம்பிக்கை மனசுக்கு ஆறுதல் தருகிறது என்றால் கட்டிக்கொள்ளட்டும், அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பின்னால் சொல்லப்போகும் பயிற்சியின் கடைசிப் படிகளில், ஒன்றும் ஆகாததற்குக் காரணம் கயிறு என்று மனம் சொல்லாத நிலைக்கு வர வேண்டும். கயிறு அறுந்த அன்று பயம் முழுசாகத் திரும்பி வரும் ஆபத்து அதில் இருக்கிறது.

டார்ச்சும் கம்பும் முழங்கால்வரை பூட்ஸும் ஊன்றுகோல் ஆகாது. டெல்டா வயலில் இரவு போகிறவர் எவருக்கும் அது தேவை. விஷப்பாம்புகள் உலவும் மண்ணில் பாம்புப் பயத்தைச் சுத்தமாகத் துடைத்தெறிவது நம் நோக்கமே அல்ல. ஹோஸுக்குப் பயப்படுவதைத்தான் குறைக்க வேண்டும்.

இனி, தணிப்பது. இங்கேதான் பெரும்பாலோர் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். பயத்தை அழிக்கலாம், சிலேட்டைத் துடைப்பதுபோலத் துடைக்கலாம் என்று எதிர்பார்க்கிறார்கள். நடப்பது வேறு. மணி அடித்துத் தீனி போடாமலே விட்டால் நாய்க்கு எச்சில் ஊறுவது நின்றுவிடும். ஆனால் சில நாள் இடைவெளி விட்டு மறுபடி மணி அடித்தால் எச்சில் திரும்ப ஊறும். பாவ்லவே இதைக் கண்டார். அப்படியானால் பழைய பாடம் அழியவில்லை. அதற்குப் பக்கத்தில் இரண்டாவது பாடம் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது: ‘மணி அடித்தாலும் இப்போது தீனி வராது’.

வாய்க்காலை வைத்துச் சொன்னால் நம் ஊரில் எளிதாகப் புரியும். பழைய வாய்க்காலைத் தூர்க்க முடியாது, பக்கத்தில் புதிதாக ஒன்று வெட்டுகிறோம். முன்நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதிதான் பழைய வாய்க்காலின் தலைப்பில் மதகுப் பலகையை இறக்கி வைத்திருக்கும் ஆள். அவர் அசந்தால், அல்லது வெள்ளம் மிஞ்சிப்போனால், தண்ணீர் பழைய வழியிலேயே ஓடும். எப்போதெல்லாம் அவர் அசருவார் என்பது ஓரளவு தெரிந்த விஷயம்: நாள் இடைவெளி விட்டால், இடம் மாறினால், அதிர்ச்சி ஒன்று மறுபடி நேர்ந்தால். தூக்கம் கெட்டிருந்தாலும் அவர் கை தளரும்.

இடம் மாறுவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் மனம் உடைந்துபோகிறவர்கள் அதிகம். பயப் பாடம் எந்த ஊரிலும் செல்லும். பாதுகாப்புப் பாடமோ படித்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னை முறியும் சத்தமும் கூரைத் தகரம் பிய்ந்துபோகும் சத்தமும் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய், அங்கே எத்தனையோ காற்று மழையைப் பார்த்துப் பழகி, பயம் போய்விட்டது என்றே நினைத்திருப்பார். கார்த்திகையில் சொந்த ஊருக்கு வந்த இரவு தகரம் ஒரு தடவை படபடத்தால் தூக்கம் போய்விடும். பழகியதெல்லாம் பொய் என்று அவர் முடிவு கட்டக்கூடாது. திருப்பூரில் வெட்டிய வாய்க்கால் திருப்பூரில் இருக்கிறது. ஊரில் ஒன்று வெட்ட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெட்டுவது எப்படி? நம் விவசாயிக்கே வருவோம். பயத்தை 0 முதல் 10 வரை அளக்கச் சொல்லுங்கள். 0 என்றால் வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கும் நிம்மதி, 10 என்றால் கடிபட்ட அந்த நொடி. பிறகு ஒரு நோட்டில் படிகளை எழுதுங்கள். வாசலில் பத்தடி தள்ளி ஒரு முழ நீள ஹோஸ் துண்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டு உட்காருவது, 2. அதைக் கையில் எடுத்து வளைப்பது, 3 அல்லது 4. காலை வெளிச்சத்தில் கொட்டகை வாசலில் நிற்பது, 5. அங்கே சுருட்டிக் கிடக்கும் ஹோஸை முதலில் கம்பால் புரட்டிப் பார்த்துவிட்டு, கையால் அவிழ்த்து மறுபடி சுருட்டுவது, 6. அந்தி மங்கலில் மோட்டார் போட்டுவிட்டு உள்ளே நிற்பது, 7. இரவில் டார்ச், பூட்ஸ், துணையோடு போவது, 8. துணை ஐம்பதடி தள்ளி வரப்பில் நிற்க இவர் மட்டும் உள்ளே போவது, கடைசியில் தனியாகப் போவது, 9. நிஜப் பாம்பைத் தொடுவதோ இருட்டில் வெறுங்காலோடு நடப்பதோ எந்தப் படியிலும் கிடையாது.

2 அல்லது 3இல் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் போவதற்கு முன், என்ன நடக்கும் என்று அவர் பயப்படுகிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதுங்கள். ‘ஹோஸைத் தொட்டா அஞ்சு நிமிஷத்துல மயக்கம் வந்துடும்.’ பிறகு செய்யட்டும். முடிந்ததும் நடந்ததைப் பக்கத்திலேயே எழுதுங்கள்: ‘இருபது நிமிஷம் கையில் வைத்திருந்தார். வேர்த்தது. மயக்கம் வரவில்லை.’ இந்த இரண்டு வரிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் மருந்து. எதிர்பார்த்தது நடக்காமல் போகும்போதுதான் மூளை புதுப் பாடம் எழுதுகிறது. பயம் முழுக்க இறங்க வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. சாதாரணமாக 20 முதல் 45 நிமிடத்தில் பாதியாவது இறங்கும். இறங்காவிட்டாலும், சொன்ன ஆபத்து வரவில்லை என்பது பதிந்தால் அன்றைய வேலை முடிந்தது. கூட இருப்பவர் ‘ஒண்ணுமில்லண்ணே, பயப்படாதீங்க’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டாம், அதுவும் ஊன்றுகோல். ‘இப்ப பத்துக்கு எத்தனைண்ணே?’ என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டால் போதும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான்: பயம் 8இல் நிற்கும்போது எழுந்து ஓடிவந்துவிடுவார். அன்று நோட்டில் பாடம் தலைகீழாக எழுதப்பட்டுவிடும். அதனால்தான் முதல் நாளே இரவுக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள் என்கிறோம். ஓடிவந்துவிட்டால் திட்ட வேண்டாம், ஒரு படி இறங்கி அன்றைக்கே மறுபடி செய்யுங்கள். இன்னொரு தவறு, ‘தைரியத்துக்கு’ என்று குடித்துவிட்டுப் போவது. மயக்கத்தில் படித்த பாடம் தெளிந்தபின் உதவாது, தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு செய்வதும் அப்படியே. மூன்றாவது, ஒரே கொட்டகையில், ஒரே ஹோஸோடு, ஒரே நேரத்தில் மட்டும் செய்வது. பச்சை ஹோஸ், சித்தப்பா வீட்டுக் கொட்டகை, மழை தூறும் நாள், காலை, அந்தி என்று மாற்றிக்கொண்டே இருந்தால்தான் பாடம் இடத்தோடு ஒட்டாமல் பரவும். முதல் வாரம் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒரு முறை என்று இடைவெளியைக் கூட்டுங்கள்.

இரத்தத்தையும் ஊசியையும் கண்டால் மயங்கி விழுகிறவர்களுக்கு மட்டும் முறை வேறு. மற்றப் பயங்களில் இரத்த அழுத்தம் ஏறும், இவர்களுக்கு ஏறிவிட்டுச் சட்டென்று இறங்கும். எனவே உடம்பைத் தளர்த்தக்கூடாது. கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி, முகம் சூடாகும்வரை இறுக்கி, பிறகு 20 முதல் 30 விநாடி விட்டு, இப்படி ஐந்து தடவை செய்தபின் ஊசியைப் பார்க்கப் பழக வேண்டும்.

மாத்திரையால் நினைவையே மாற்ற முடியாதா என்ற கேள்வி நியாயமானது. 2000இல் ஆய்வாளர் கரீம் நாதர், லெடூ குழுவினர் ஒரு செய்தி வெளியிட்டார்கள். எலி தன் பழைய பயத்தை நினைவுகூரும்போது அந்த நினைவு சில மணி நேரம் இளகிவிடுகிறது, மறுபடி இறுகப் புதிய புரதம் வேண்டும். அந்த நேரத்தில் அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுத்தால் பயம் குறைந்துபோகிறது. அந்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுக்க முடியாது. அதனால் இரத்த அழுத்தத்துக்குத் தரும் புரோபிரனோலால் மாத்திரையை நினைவுகூரும் சமயத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். பயத்தைச் சின்னதாக நினைவூட்டி, பத்து நிமிடம் கழித்து, இளகியிருக்கும் நேரத்துக்குள் பயிற்சி கொடுத்தும் பார்த்தார்கள். சில ஆய்வுகளில் பலன் கிடைத்தது, அதே சோதனையை மற்றவர்கள் செய்தபோது பலமுறை கிடைக்கவில்லை. ஆகவே படிப்படியாகப் பழகுவதுதான் இன்றைக்கும் கையில் உள்ள நம்பகமான வழி. புரோபிரனோலாலை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சை அடைத்துவிடும்.

மேலே சொன்ன படிகள் ஒரு பொருள், ஒரு இடம் சம்பந்தப்பட்ட பயத்துக்கானவை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவரைக் கரைக்குக் கூட்டிப்போய் நிறுத்தி இதைச் செய்துபார்க்கக்கூடாது. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு ஒரு மாதம் தாண்டியும் சம்பவம் கண்முன் திரும்பத் திரும்ப ஓடினாலோ, கனவில் அலறினாலோ, யாரோடும் ஒட்டாமல் மரத்துப்போயிருந்தாலோ மனநல மருத்துவரிடம் போக வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. அந்த முதல் மாதத்தில் வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது எளிது: சோறு, தூக்கம், கூட ஓர் ஆள். அவராகப் பேசினால் கேளுங்கள், ‘அன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லு’ என்று தோண்டாதீர்கள். அதிர்ச்சிக்கான மருந்தாகத் தூக்க மாத்திரை வகைகளை முதல் மாதத்தில் கொடுக்க வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

நம் விவசாயி இவ்வளவும் செய்து, ஆனியில் தனியாகவே மோட்டார் போட்டுவிட்டு வருகிறார். மறு புரட்டாசியில் வரப்பில் ஒரு சாரைப்பாம்பு குறுக்கே ஓடுகிறது. அன்று இரவு கொட்டகை வாசலில் பயம் 7. இது எதிர்பார்க்க வேண்டியதே. பழைய நோட்டை எடுத்து, 5இல் இருந்த படிக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடி ஏறினால் போதும். முதல் முறை ஆறு வாரம் பிடித்திருந்தாலும், இம்முறை வாய்க்கால் ஏற்கெனவே வெட்டியிருப்பதால் வழக்கமாகச் சீக்கிரமே தண்ணீர் திரும்பிவிடும். இரவுப் படிக்கு மறுபடி வரும்போது தம்பி வரப்பில் நிற்கட்டும், டார்ச் அண்ணன் கையிலேயே இருக்கட்டும்.

‘இப்ப எத்தனைண்ணே?’

‘ஆறு இருக்கும்டா.’

‘சரி, அப்படியே நில்லுங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேக்கறேன்.’